கோளாறு உன் வீட்டில்தான்

எங்கள் நான்கு பேரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான். இது நானாகச் சூட்டிக்கொண்ட பட்டம் இல்லை, மற்ற மூவரும் கொடுத்தது. ஆனால் கிடைத்த பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறேன். எடைமேடையில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜர் வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணாச்சி வந்து நின்னாலே பாதி சரியாயிரும்" என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியைப் பாராட்டு என்றே எடுத்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டேன்.

அப்பா, அம்மா இருவரும் நாசரேத் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியர்கள். வீட்டில் சோற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கியது சிவப்பு மை. அடுத்தவன் தாளில் தப்பைக் கண்டுபிடித்து வட்டம் போடுவது எங்கள் குடும்பத் தொழில் என்றே சொல்லலாம். அதில் எனக்கும் கைராசி உண்டு. என் தாளை நானே திருத்த வேண்டிவந்தபோது என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதுவும் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

நாங்கள் நால்வரும் பிளஸ் டூவில் ஒரே பெஞ்சு. இப்போது ஒருவன் சார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஒருவன் சென்னையில் வங்கியில் இருக்கிறான். நான் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டேன். நான்காமவன் கடற்கரைத் தெருக்காரன், லாஞ்சு ஓட்டுகிறான். விசைப்படகை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். விடிவதற்கு முன் கடலுக்குள் போனால் அவன் கரைக்கு வர இருட்டிவிடும். வாரத்தில் ஆறு நாள் அவனுக்குக் கடலும் தூக்கமும்தான். நாங்கள் மூவரும் போன் குரூப்பில் நாள் முழுக்க அரட்டை அடிப்போம். அவன் வந்து பார்க்கும்போது கேலியெல்லாம் ஓய்ந்து குட்நைட் போட்டிருப்போம். 

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருவில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலையில் பூசை, மதியம் வீட்டுச் சாப்பாடு. அதனால் எங்கள் விளையாட்டுக்கும் ஞாயிறு மதியம் இரண்டு மணி என்று நேரம் வைத்திருந்தோம். அந்த மூன்று மணி நேரம்தான் எங்களோடு அவனுக்கு மிச்சமிருந்த சிநேகிதம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விளையாட்டு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நால்வரும் ஒரு தீவில் இறங்கி, மரம் வெட்டி, கோட்டை கட்டி, சுற்றியிருக்கும் தீவுகளுக்குப் போய்ச் சண்டை போட்டு, கிடைத்ததை அள்ளிக்கொண்டு வர வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இது தேவையா என்று என் மனைவி கேட்பாள். தேவைதான். கடற்கரைக்காரன்தான் அதில் எங்களுக்குத் தலைவன். புது இடத்துக்குள் முதலில் போகிறவன் அவன். "வாங்கலே, இங்கன ஒண்ணும் இல்ல" என்று அவன் சத்தம் கொடுத்த பிறகுதான் நாங்கள் மூன்று வீரர்களும் பாறைக்குப் பின்னால் இருந்து வெளியே வருவோம். ஆறு நாள் லாஞ்சு முதலாளி சொல்கிறபடி கேட்கிறவன், ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏவுவான். நாங்களும் சந்தோஷமாக ஏவல் கேட்போம்.

அந்தத் தீவு இருந்தது என் வீட்டுக் கம்ப்யூட்டரில். மற்ற மூவரும் அவரவர் வீட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக என் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்துதான் விளையாட்டுக்குள் நுழைய முடியும். கல்யாண மண்டபத்துச் சாவி ஒருவன் கையில் இருப்பதுபோல, சாவி என் கையில் இருந்தது.

ஜூன் மாதம் நடுவில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய வாரத்தில் தகராறு ஆரம்பித்தது. கடற்கரைக்காரனுக்கு மட்டும் விளையாட்டு இழுத்தது. பத்தடி நடப்பான், எட்டடி பின்னால் வந்து நிற்பான். வாளை ஓங்குவான், வாள் இறங்குவதற்குள் செத்துக் கிடப்பான். எங்கள் கண்ணுக்கு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான். முதல் வாரம் சிரித்தோம். சார்ஜாக்காரன் அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டான்.

இரண்டாவது வாரம் நான் டாக்டர் வேஷத்தைப் போட்டுக்கொண்டேன்.

"கோளாறு உன் வீட்டுலதாம்லே" என்றேன். பார்க்காமலே சொன்னேன். எங்கள் ஊரில் எது ரிப்பேரானாலும் உப்புக்காற்றின் மேல் பழி போடுவது சுலபம். பைக் செயின், கேட் கீல், மிக்ஸி, ஏசி எல்லாவற்றுக்கும் மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். "கடலுக்குப் பக்கத்துல இருக்க. உப்புக்காத்துல கேபிள் முனையெல்லாம் பூத்திருக்கும். கழட்டிப் பாரு."

"இப்பம் கச்சான்லா அடிக்குது" என்றான் அவன். "கச்சான் கரையில இருந்து கடலுக்குப் போற காத்துலே. உப்பு எப்படி வரும்? கடல்ல இருந்து கொண்டல் அடிச்சா நீ சொல்லுதது சரி."

காற்றைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்? அந்த நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் மற்ற இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கடல்ல நீ சொல்லு, நான் கேக்கேன். நெட்வொர்க்குல நான் சொல்லுதேன், நீ கேளு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கேபிள் முனையைக் கழற்றிப் போட்டோ அனுப்பினான். பளபளவென்று இருந்தது. அப்படியானால் கேபிளுக்கு உள்ளே போயிருக்கும் என்றேன்.

சென்னைக்காரன் ஒரு தடவை கேட்டான்: "ஆனா இவன் குரல் நல்லாத்தானலே கேக்குது? லைன் மோசம்னா குரலும் விட்டு விட்டுல்லா வரணும்?" சரியான கேள்வி. நாங்கள் பேசிக்கொள்வது வேறு வழியில் போகிறது, என் கம்ப்யூட்டர் வழியாக இல்லை. அவன் வீட்டு லைன் கெட்டிருந்தால் குரல்தான் முதலில் கெட்டிருக்கும். குரல் நன்றாக இருந்து விளையாட்டு மட்டும் இழுக்கிறது என்றால், விளையாட்டு எங்கிருந்து வருகிறதோ அங்கே பார்க்க வேண்டும். ஆபீஸில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். "குரலுக்கு அவ்வளவு டேட்டா வேண்டாம்லே" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மோடம் பெட்டியை இடம் மாற்றச் சொன்னேன். "வீட்டுக்கு நடுவுல, உசரமான இடத்துல வை. தடங்கல் இருக்கக் கூடாது." அவன் அப்படியே செய்தான். அதற்கடுத்த வாரம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நாம விளையாடுத நேரத்துல வீட்டுல வேற யாரு நெட் பாக்கா?"

"தங்கச்சிதான். மாப்பிள்ளைகிட்டப் பேசுவா. முகம் பாத்துப் பேசுததுதான். அது கண்ணாடி கணக்கா நல்லாத் தெரியுதுலே."

அவன் தங்கை கல்யாணமானவள். கணவன் சரக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் கப்பலேறிப் போனவன். அவள் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தாள்.

"அதாம்லே உன் கோளாறு" என்றேன். புதையல் கிடைத்ததுபோல இருந்தது எனக்கு. "வீடியோ மொத்த லைனையும் குடிச்சிரும். ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் வீட்டுல வேற ஒரு போனும் வைஃபையில இருக்கக் கூடாது. கண்டிஷனாச் சொல்லிரு."

"மாப்பிள்ளைக்கு ஞாயித்துக்கெழம மத்தியானந்தாம்லே நேரம் கிடைக்கும். அவன் டியூட்டி அப்படி."

"அதுக்காவ நாங்க மூணு பேரும் என்ன செய்ய?"

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அவன், "சரி, சொல்லிப் பாக்கேன்" என்றான்.

அப்படியும் விளையாட்டு சரியாகவில்லை. ஆனால் அதற்குள் அவனை நாங்கள் கோட்டைக் காவலுக்கு வைத்துவிட்டோம். முன்னால் போய் அவன் சாக, அவனைத் தூக்க நாங்கள் திரும்பி வர, இப்படியே நேரம் வீணாகிறது என்று சார்ஜாக்காரன் அலுத்துக்கொண்டான். "நீ இங்கயே இருந்து வெள்ளாமையைப் பாத்துக்கலே, லைன் சரியாவட்டும்" என்று தீர்ப்புச் சொன்னது நான். எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனவன் கோட்டைக்குள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் தூரத்துத் தீவில் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது, "என்னலே, என்ன நடக்கு அங்கன?" என்று அவன் குரல் மட்டும் வரும். பல நேரம் யாரும் பதில் சொல்ல மாட்டோம். வேண்டுமென்று இல்லை, சண்டையில் மும்முரமாக இருப்போம்.

ஏழாவது வாரம் என்று நினைக்கிறேன். சார்ஜாக்காரனுக்கு விளையாட்டில் பெயரை மாற்ற வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, விளையாட்டின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தேன். நான்கு பேர் பெயரும் வரிசையாக இருக்கும். கடற்கரைக்காரன் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு சின்ன எண் இருந்தது. இதற்குமேல் வேகம் போகக் கூடாது என்ற வரம்பு. மற்ற மூவருக்கும் அந்த இடம் காலி. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: மீட்டிங் முடிஞ்சதும் எடுக்கணும். நான் எழுதியதுதான்.

பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது. தடைக்காலத்தின் கடைசி வாரம். வீட்டில் சும்மா இருந்த அவன், ஒரு வேலை நாளில், புதிதாக வந்திருந்த தீவுகளையெல்லாம் என் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் வீட்டிலிருந்து ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். என் லைன் திணறி, வாயைத் திறந்தபடி என் முகம் திரையில் உறைந்து நின்றுவிட்டது. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், அவனுக்குச் சொட்டுச் சொட்டாகப் போனால் போதும் என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குத் திரும்பினேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். மறந்துவிட்டேன்.

மறந்தது குற்றமில்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். மனுஷன் மறப்பான். அந்தச் சனிக்கிழமை காலையில் அந்த எண்ணை அழித்துவிட்டு அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. நான்கு வாரம் கிண்டல் செய்திருப்பார்கள், ஐந்தாவது வாரம் ஓய்ந்திருக்கும்.

நான் அழிக்கவில்லை. எண்ணை அழித்தால் நாளைக்கு இரண்டு மணிக்கு எல்லாம் பளிச்சென்று சரியாகிவிடும். என்ன செய்தாய் என்று கேட்பார்கள். கச்சான் காற்றிலிருந்து தங்கை போன் வரை நான் அடுக்கிய காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். சென்னைக்காரன் "குரல் நல்லாத்தானே கேக்குதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்பான். காப்பி ஆறும் வரை யோசித்தேன். பிறகு அந்த எண்ணை அழிக்காமல், கொஞ்சம் மட்டும் கூட்டினேன்.

அந்த வாரம் அவன் கேபிளை முழுக்கப் புதிதாக மாற்றியிருந்தான். நான் சொல்லித்தான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தவன் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, "ஏலே, கொஞ்சம் பரவாயில்லலே" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சொன்னேம்லா, கேபிள்தான்" என்றேன்.

அடுத்த வாரம் அவன் பிளக்கை மாற்றினான். நான் எண்ணை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அதற்கடுத்த வாரம் மோடத்துக்குத் தனியாக ஒரு சுவிட்சு போட்டான். நான் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்வார்கள். இங்கே நான் பனைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, காக்கை உட்காரும்போதெல்லாம் ஒரு பழத்தைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காக்கைக்குத் தன் பாரத்தில்தான் பழம் விழுகிறது என்று நம்பிக்கை. இன்னும் இரண்டே வாரத்தில் முழுசாகச் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. குரூப்பில் என்னை ஆஹா ஓஹோ என்றார்கள். நான் கைகூப்பும் படம் போட்டேன்.

மூன்றாவது வாரம் முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்கு வரச் சொன்னான். "அம்மா கூப்பிடுதா. நீ இவ்வளவு மெனக்கெட்டிருக்க. சாப்பிட்டுட்டு இங்கன இருந்தே விளையாடுவோம்" என்றான். வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் வீடு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. உள்ளே நுழைந்ததும் மோடம்தான் கண்ணில் பட்டது. ஹாலின் நடுச்சுவரில் உயரமாக, மாதா படம் வைக்கிற பலகையில், சின்னச் சின்ன வண்ண பல்புகளுக்கு நடுவில் அது பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. மாதா கொஞ்சம் ஓரமாக நகர்ந்திருந்தாள். அந்தோணியார் சொரூபம் கீழே டிவி மேல் இருந்தது.

"நீதானய்யா நடுவுல, உசரத்துல வைக்கச் சொன்ன" என்றார் அவன் அம்மா. "இந்த வீட்டுல அதை விட்டா வேற உசரமான எடம் ஏது? அந்தோணியார் ஒண்ணும் நெனைக்க மாட்டார்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

விளமீன் குழம்பு, கணவாய்ப் பொரியல், ரசம். இலையில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் தங்கைதான் பரிமாறினாள். "எங்க அண்ணன் முகத்துல இப்பந்தாண்ணே சிரிப்பு வருது. கோட்டைக்குள்ளயே போட்டுட்டாங்கன்னு வீட்டுல எரிஞ்சு எரிஞ்சு விழுவான்" என்றாள். கடற்கரைக்காரன் "சும்மா இரு ஏளா" என்று அதட்டினான். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது. கத்தவும் முடியாது, கையை உதறவும் முடியாது.

சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. அவன் லேப்டாப்பை எடுத்து வைத்தான். தங்கை குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு வயதுப் பெண் குழந்தை. ஒரு பெரிய துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், போன். கதவைத் திறந்து வெளிப்படியில் ஏறினாள். ஆகஸ்ட் மாத வெயில் கதவு வழியாக வந்து கண்ணைக் குத்தியது.

"இந்த வெயில்ல எங்க போறா?" என்றேன்.

"மாடிக்கு" என்றார் அம்மா. "நீங்க விளையாடுத நேரம்லா? வீட்டுக்குள்ள அந்த போன் டவர் எடுக்காது. மாடியிலன்னா எடுக்கும். மருமவன் இந்த நேரந்தான் கூப்பிடுவாரு."

"எத்தன வாரமா?"

"நீ சொன்ன அன்னையில இருந்துதான்."

கேட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியேறினேன். மொட்டைமாடித் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நிழல். அதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் தலையையும் குழந்தை தலையையும் சேர்த்துத் துண்டால் மூடியிருந்தாள். துண்டுக்குள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா பாரு, அப்பா. இங்க பாரு." குழந்தை சிணுங்கியது. துண்டுக்குள்ளே இன்னொரு குரல், ஆண் குரல், குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

என் காலடி கேட்டுத் துண்டை விலக்கினாள். முகம் வேர்த்து ஊற்றியது. "வெளிச்சத்துல போன்ல முகம் தெரிய மாட்டேங்குண்ணே. துண்டுக்குள்ள வச்சாத்தான் தெரியும். பிள்ளை அஞ்சு நிமிஷத்துல அழுதிருவா, அப்புறம் வச்சிருவோம்" என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் இறங்கிவிட்டேன்.

படியில் இறங்கும்போது கணக்குப் போட்டேன். நான் மறந்ததால் போன வாரங்கள் ஒரு பக்கம். தெரிந்தும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி விளையாடிய மூன்று ஞாயிறு இன்னொரு பக்கம். அந்த மூன்று ஞாயிறும் அந்தக் குழந்தை இதே தொட்டியடியில், இதே துண்டுக்குள், அப்பா முகத்தைப் பார்த்து ஐந்தாவது நிமிஷம் அழுதிருக்கிறது. என் பட்டம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவ்வளவு கேவலமாக நான் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ஹாலுக்குள் நுழைந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ஏலே, கோளாறு உன் வீட்டுல இல்ல" என்றேன். "என் கம்ப்யூட்டர்ல உன் பேருக்கு மட்டும் வேகத்தைக் குறைச்சு வச்சிருந்தேன். ஜூன்ல, ஒரு மீட்டிங் நேரத்துல. எடுக்க மறந்துட்டேன். அதுதான் இவ்வளவுக்கும் காரணம்."

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். அம்மா கையில் எச்சில் இலையோடு அப்படியே நின்றார்.

"அப்பம் கேபிள் மாத்தினது?"

"தேவையே இல்ல."

அவன் மாதா பலகையைப் பார்த்தான். டிவி மேல் இருந்த அந்தோணியாரைப் பார்த்தான். திறந்திருந்த கதவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"எப்பம்லே பாத்த?"

எனக்குத் தெரிந்து என் வாழ்க்கையில் அதைவிடச் சின்னக் கேள்வி இல்லை. மூணு வாரம் முன்னாடி. மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்திருந்தது.

"இன்னைக்குக் காலையில" என்றேன்.

தடுமாறக்கூட இல்லை. தானாக, சுத்தமாக வந்தது.

"பெறவு எப்படிலே கொஞ்சம் கொஞ்சமாச் சரியாச்சு?" அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. புரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"சில நேரம் அப்படி ஆகும்லே. நெட்வொர்க்குல உண்டு" என்றேன்.

"அப்படியா" என்றான். "நீ சொன்னாச் சரி."

அங்கேயே என் போனிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போய் அந்த வரியை முழுசாக அழித்தேன். அவன் அதற்குள் வாசலுக்குப் போய் மேலே பார்த்துச் சத்தம் போட்டான். "ஏளா, கீழ வா. வைஃபையைப் போட்டுக்கோ. ஒண்ணும் இல்லியாம். இனி கீழயே இருந்து பேசு." திரும்பி வந்து என் முதுகில் ஒரு அடி வைத்தான். "போலே. நான் கச்சான்னு அப்பமே சொன்னேம்லா." அவ்வளவுதான் அவன் கோபம். அதைக் கோபம் என்று சொல்வதே என் பேராசை.

"தப்பு யாருக்குத்தான் வராது" என்றார் அம்மா. "காலையில பாத்திருக்கான், மத்தியானம் வீடு தேடி வந்து சொல்லிட்டான். எத்தன பேருக்கு அந்த மனசு வரும்? வேற ஆளுன்னா கமுக்கமா இருந்திருப்பான்." அவர் இலையை வெளியே போட்டுவிட்டு வந்து எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடித்தேன்.

தங்கை இறங்கி வந்து, அம்மா நடந்ததைச் சொல்லக் கேட்டபடியே மின்விசிறிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்து, போனை எதிரே பிடித்தாள். இப்போது துண்டு இல்லை. குழந்தை அழவில்லை. திரையில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, கையை நீட்டி அதன் மூக்கைத் தொட்டது. அந்தப் பக்கத்தில் அவள் கணவன் சிரித்தான். எத்தனையோ நாள் கழித்துச் சிரிக்கிறவன் சிரிப்பு. அவள் அவனிடம் வேகவேகமாக நடந்ததைச் சொன்னாள். மீட்டிங்கும் மறதியும் அவள் வாயில் நாலு வார்த்தையில் முடிந்துவிட்டன. மீதியெல்லாம் என் நேர்மை. பிறகு சட்டென்று போனை என் பக்கம் திருப்பினாள்.

"இவங்கதான் அந்த அண்ணன். இன்னைக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சாங்களாம், உடனே ஓடி வந்துட்டாங்க."

கப்பலில் ஒரு சின்ன அறை. பின்னால் இரும்புச் சுவர். ஆரஞ்சு நிறச் சட்டையோடு, என்னைவிடப் பத்து வயது இளையவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். லைன் அவ்வளவு தெளிவாக இருந்தது, துடைத்தது தெரிந்தது.

"ரொம்ப நன்றிண்ணே" என்றான். "உங்க புண்ணியத்துல இன்னைக்குப் பிள்ளை முகத்தை நல்லாப் பாத்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்ல" என்றேன்.